ஹலால் மட்டும் போதுமா?

உணவு விடுதிக்குள் அடியெடுத்து வைக்கும் முஸ்லிம் இளைஞர் முதலில் கேட்கும் கேள்வி, "இங்கே ஹலாலா?" என்பதே. தலைமுறை தலைமுறையாக நம் தாய்மார்கள் ஊட்டி வளர்த்த ஒழுக்கம் அது. அதனைப் பேணுவதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும், திருமறை உணவைப் பற்றிப் பேசுகையில் 'ஹலால்' என்னும் சொல்லோடு 'தய்யிப்' என்னும் மற்றொரு சொல்லையும் இணைத்தே கூறுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் மனித குலம் முழுவதையும் விளித்து, ஆகுமானதும் தூயதுமான உணவை உண்ணுமாறு பணிக்கின்றது. அல்மாயிதா அத்தியாயத்தின் 88ஆம் வசனத்திலும் இவ்விணை மீண்டும் வருகின்றது.

தய்யிப் என்னும் சொல் தூயது, நல்லது, இதமானது எனப் பொருள் விரியும் சொல்லாகும். இவ்விரு சொற்களுள் முதலாவதை இறுகப் பற்றிக்கொண்ட நம் சமுதாயம், இரண்டாவதை எங்கோ நழுவ விட்டுவிட்டது. அறுத்த முறை சரியா என்று ஆராய்கின்றோம். அதனுடன் வரும் மைதாவும், பலமுறை காய்ந்த எண்ணெயும், சாயமும், சர்க்கரையும் நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்கின்றன என்று ஆராய்வதில்லை.

மாணவரின் ஒரு நாள்

இன்றைய கல்லூரி மாணவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவு கைவிடப்படுகிறது. பதினொரு மணிக்கு ஒரு தேநீரும் ஒரு சமோசாவும். நண்பகலில் பரோட்டா. மாலையில் மீண்டும் தேநீர், 'பிஸ்கட்'. தேர்வுக் காலமாயின், நள்ளிரவு வரை விழித்திருக்க மேலும் இரண்டு கோப்பைத் தேநீர். பிறகு, "படித்தது மனத்தில் நிற்கவில்லை, எரிச்சலாக வருகிறது, உறக்கம் வரவில்லை" என்று அவர் வருந்துகிறார். பெற்றோரோ, "கவனம் போதவில்லை" என்று கடிகின்றனர். குறை கவனத்தில் மட்டும்தானா? வயிற்றிலும் இருக்கலாமன்றோ?

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை உண்டு தீர்க்கிறது. அதற்கு வேண்டிய எரிபொருள் குருதியிலுள்ள குளுக்கோஸ். தீட்டிய மாவும் சர்க்கரையும் குருதியில் விரைந்து ஏறுகின்றன. அவ்வாறு ஏறியதை இறக்க இன்சுலின் பெருகுகிறது. பலருக்குச் சிறிது நேரத்தில் சோர்வும் பசியும் மீண்டும் வந்து சேர்கின்றன. முழுத்தானியமும் பருப்பும் கீரையும் அவ்வாறல்ல. அவற்றிலுள்ள நார்ப்பொருள் செரிமானத்தை மெல்ல நடத்துவதால் ஆற்றல் சீராக வந்துகொண்டேயிருக்கும். வைக்கோல் நெருப்புக்கும் விறகு நெருப்புக்கும் உள்ள வேறுபாடே இது.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு அருந்திய காப்பி, பின்னிரவு மூன்று மணிக்கும் உறக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கும். அன்றியும், உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். வகுப்பறையில் களைத்துச் சாயும் மாணவியைச் சோம்பேறி என்று சொல்லும் முன்னர், இந்த எண்ணை ஒருமுறை நினைவிற் கொள்வது ஆசிரியர்க்கு அழகு.

தவிடு கற்பித்த பாடம்

முழுமையான உணவின் அருமையை உலகுக்கு உணர்த்தியது நாம் நாள்தோறும் உண்ணும் அரிசியே என்பது பலர் அறியாத செய்தி. 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மன், பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் மருத்துவமனையில் சமைத்த வெள்ளைச் சோற்றை உண்டபோது கால் தளர்ந்து வீழ்ந்தன. தீட்டாத அரிசியை உண்டபோது நலமடைந்தன. நோயைத் தீர்த்தது தவிட்டில் இருந்த ஒரு பொருள். 1926இல் அது அரிசித் தவிட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நாம் பி1 உயிர்ச்சத்து என்றும் தயமின் என்றும் வழங்குவது அதனையே. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிட்டியது. மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றுவதற்கு இன்றியமையாத இச்சத்துக் குறையும்போது முதலில் தோன்றும் அறிகுறிகளுள் களைப்பும், பசியின்மையும், எரிச்சலும் அடங்கும்.

இவ்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1918இல் நம் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. அதனை வழிநடத்திய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய உணவை உண்டவை மெலிந்தன. அந்த ஓரறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நம் முன்னோர் ஆய்வகம் அறியாதவர்; ஆயினும் நெல்லை அவித்துப் புழுங்கலரிசியாக்க அறிந்திருந்தனர். அவ்வாறு அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது.

கஞ்சியின் மாண்பு

நம் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வெங்காயம், புதினா, மல்லி, தேங்காய்ப்பால். இவற்றுள் வீணானது எது? அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் நிறைந்துள்ளது. பருப்பில் குறைந்த மெத்தியோனினை அரிசி நிறைவு செய்கிறது. பகலெல்லாம் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் மாவும் புரதமும் இளஞ்சூட்டில் ஒருங்கே கிடைக்கின்றன. அஸர் தொழுகைக்குப் பின் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசல் வாயிலில் நிற்கும் வரிசையில் மாற்றுச் சமயச் சகோதரர்களும் நிற்பதுண்டு. உடலுக்கும் உறவுக்கும் ஒருசேர ஊட்டமளிக்கும் உணவு அது.

ஆனால் இன்று இஃப்தார் விரிப்பில் அக்கஞ்சியின் இடம் எது? எண்ணெயில் பொரித்த பண்டங்கள் நடுவே அமர்ந்துவிட்டன. செயற்கை நிறமேற்றிய சர்பத்துகள் அருகே அணிவகுக்கின்றன. கஞ்சிக் கோப்பை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியாலும், அது கிட்டாதபோது தண்ணீராலும் நோன்பு துறந்த எளிமையை மேடையில் பேசுகின்றோம். விரிப்பில் மறந்து விடுகின்றோம்.

வாற்கோதுமை மாவில் காய்ச்சும் 'தல்பீனா' என்னும் கஞ்சி, நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதல் தந்து துயரைச் சிறிது போக்கும் என நபிகளார் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் அன்னையார் அதனைக் காய்ச்சச் செய்து உண்ணக் கொடுத்த செய்தியும் புகாரி தொகுப்பில் உள்ளது. உணவுக்கும் உள்ளத்துக்கும் உள்ள உறவை நம் மார்க்கம் அன்றே அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அண்மைக்கால ஆய்வும் அத்திசையிலேயே நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயுற்ற 67 பேரிடம் நிகழ்த்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, மீன் ஆகியவற்றுக்கு 12 வாரம் மாறியவர்களில் 32 விழுக்காட்டினர் நோயினின்று மீண்டனர். உணவு மாற்றமின்றி நட்புரையாடல் மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரே மீண்டனர். சிறிய ஆய்வுதான், ஆயினும் சிந்திக்கத் தூண்டுவது.

எனினும் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் கடமை. கட்டணக் கடனும் குடும்பச் சுமையும் ஒரு கோப்பைக் கேழ்வரகுக் கூழால் தீர்ந்துவிடா. ஆழ்ந்த மனநோய்க்கு மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. அதில் வெட்கத்திற்கு இடமில்லை. நல்லுணவு மருத்துவத்துக்கு மாற்றன்று. சுமையைத் தாங்கும் தோளுக்கு வலுவூட்டுவது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

வசதி படைத்தோர்க்கா?

"பாதாமும் முந்திரியும் ஏழை மாணவனுக்கு எட்டுமா?" என்று சிலர் வினவலாம். எட்ட வேண்டியதில்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேலான சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய வெள்ளரிசியிலோ அது 10 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, முருங்கைக்கீரை, கொய்யாக்கனி ஆகியன யாவும் சந்தையில் எளியோர்க்கும் கிட்டுவன. மாறாக, 300 மில்லி கோலாப் புட்டி ஒன்றில் 30 கிராமுக்குக் குறையாத சர்க்கரை உள்ளது. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருத்தல் நலம் என்பது உலக நல நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரை. காசு கொடுத்துக் கேடு வாங்குவது எது என்று இப்போது சொல்லுங்கள்.

பசித்த பிள்ளை படிக்காது என்பதை உணர்ந்தே 1956இல் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைக்கு நாடு எண்ணிப் பார்த்ததைக் கல்லூரிப் பிள்ளைக்குச் சமுதாயம் எண்ணிப் பார்த்தல் ஆகாதா?

செய்யத்தக்கவை மூன்று. கல்லூரிச் சிற்றுண்டிச் சாலைகளில் நாள்தோறும் ஒரு சுண்டலும், ஒரு சிறுதானியப் பண்டமும், ஒரு பழமும் குறைந்த விலையில் கிடைக்க நிருவாகத்தினர் ஆவன செய்தல் வேண்டும். விடுதி உணவுப் பட்டியலை வகுக்கும் குழுவில் மாணவரும் இடம்பெறல் வேண்டும். ஜமாஅத் பெரியோர்கள் இஃப்தார் விரிப்பின் நடுவே கஞ்சியையும் கனியையும் மீண்டும் அமர்த்தி, பொரித்தவற்றைக் குறைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களோ, காலையில் ஒரு பிடியேனும் உண்ணாமல் இல்லம் நீங்குவதில்லை என்றும், உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவதென்றும் உறுதி பூணுதல் வேண்டும்.

வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என அளவு காட்டினார்கள் நபிகளார். தமிழ் மறை தந்த வள்ளுவரோ, 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் பெரிதும் பேசியது அளவறிந்து உண்பதைப் பற்றியே. மார்க்கமும் மொழியும் ஒரே பாதையைக் காட்டும்போது நடக்கத் தயங்குவதேன்?

இனி உணவு விடுதியின் வாயிலில், "இது ஹலாலா?" என்று கேட்கும் நா, "இது தய்யிபா?" என்றும் சேர்த்துக் கேட்கட்டும். உடலைத் தந்தவன் இறைவன். அது நம்மிடம் உள்ள அமானிதம். அவ்வமானிதத்தைப் பழுதின்றிக் காக்கும் அறிவையும் உறுதியையும் அவன் நமக்கு அருள்வானாக!