பிள்ளைக் கணக்கும் பெண்ணின் சுமையும்

‘நம்மவர்கள் இன்னும் நிறையப் பிள்ளைகளைப் பெற வேண்டும்.’ கோயில் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் இந்த அறிவுரை இப்போது தவறாமல் ஒலிக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1957-இல் மலாயா மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ மலேசியக் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடுதான். 1963-இல் சபாவும் சரவாக்கும் இணைந்ததும், 1969-க்குப் பின் குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் இந்தியா திரும்பியதும் இந்தச் சரிவுக்குக் காரணங்களே. ஆயினும், நம் வீடுகளில் பிள்ளைகள் குறைந்து வருவதை மறுக்க இயலாது. எண்ணிக்கை குறைந்தால் தமிழ்ப்பள்ளி தள்ளாடும், தேர்தலில் நம் குரல் எடுபடாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால், அந்த அச்சத்துக்கான விடையைப் பெண்ணின் கருப்பையில் தேடுவது நியாயமா என்பதே என் கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், நேற்று இதே பெண்ணுக்கு நேர்மாறான அறிவுரை சொல்லப்பட்டது. 1966-இல் நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது; தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியமும் உருவானது. சிறு குடும்பமே நாட்டுக்கு நல்லது என்றார்கள். 1984-இல் டாக்டர் மகாதீர் தலைமையிலான அரசாங்கம், நாட்டின் மக்கள்தொகை 7 கோடியாக உயர வேண்டும் என்ற நெடுங்கால இலக்கை அறிவித்தது. பேச்சு மாறியது. ஒரு தலைமுறைக்குள் இரண்டு கட்டளைகள்! இரண்டிலும் பெற்று வளர்ப்பவளின் கருத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

அரசாங்கமே பிள்ளைக் கணக்கு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. சிங்கப்பூரில் 1972-இல் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்ற இயக்கம் தொடங்கியது. அது வெறும் முழக்கமாக நிற்கவில்லை. பிள்ளை கூடக்கூடப் பிரசவக் கட்டணம் ஏறியது. மூன்றாம் பிள்ளைக்குச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு இல்லை என்றானது. பெற்றோரின் கருத்தடை பள்ளி நுழைவில் பிள்ளைக்கு முன்னுரிமை தேடித் தந்தது. 1984-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குறைந்த கல்வியும் குறைந்த வருமானமும் உடைய இளந்தாய், ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி ஊக்கத்தொகை! அதே ஆண்டில் பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை தரப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அம்முன்னுரிமை 1985-இல் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய கை, ‘எவள் பெறலாம், எவள் பெறக்கூடாது’ என்று தரம் பிரிக்கும் இடத்துக்கு வந்து நின்றதைக் கவனியுங்கள். அங்கே அடிபட்டவள் ஏழைத் தாய்தான்.

முடிவு என்ன? 1987-இல் ‘வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்’ என்று கொள்கையையே தலைகீழாக மாற்றினார்கள். சலுகைகளை அள்ளிக் கொடுத்தும் 2023-இல் அந்நாட்டுப் பிறப்பு விகிதம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 பிள்ளை என்ற அளவுக்கு இறங்கியது. சீனாவும் 1980-இல் ‘ஒரே பிள்ளை’ என்று கடுமையாகத் தொடங்கி, 2016-இல் இரண்டு, 2021-இல் மூன்று என்று இறங்கி வந்தது. 2022 முதல் அதன் மக்கள்தொகை குறையத் தொடங்கிவிட்டது. ஆணையிட்டுக் குறைத்ததை ஆணையிட்டுக் கூட்ட முடியவில்லை.

நம் நாட்டில் அத்தகைய தண்டனை இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால், 1955 வேலைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பேற்றின்போது விடுப்பு உண்டு. அந்த விடுப்புக்கான சம்பளத்தைக் கோரும் உரிமை இல்லை. மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்திய 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இந்த ஐந்து என்ற வரம்பு நீங்கவில்லை. நம் வீடுகளில் ஐந்து பிள்ளைகள் இன்று அபூர்வம் என்பது உண்மைதான். என்றாலும், மாதச் சம்பளத்தை நம்பி வாழும் தாய்க்குப் பிறக்கும் ஆறாவது பிள்ளை என்ன குற்றம் செய்தது?

எழுதப்பட்ட இந்த வரம்பைவிட எழுதப்படாத வரம்பே நம்மை அதிகம் அழுத்துகிறது. நான் புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் வளர்ந்தவள். தோட்டத்தில் பால்வெட்டப் போகும் தாய், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அந்தக் காலம் பொற்காலம் அன்று. வறுமையும் நோயும் அங்கே உண்டு. இருந்தாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தபோது அந்தக் கொட்டகையும் மறைந்தது. இன்று அந்தத் தாயின் பேத்தி தொழிற்பேட்டையில் இரவு ‘ஷிப்டு’ வேலை செய்கிறாள். தாமானில் உள்ள பராமரிப்பு நிலையமோ மாலையில் மூடிவிடுகிறது. வாடகை, கார்த் தவணை, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்துத்தான் அவள் ஒன்றோடோ இரண்டோடோ நிறுத்துகிறாள். ‘நான்கு பெறு’ என்று மேடையில் முழங்குபவர், அந்த இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருவாரா?

ஆகவே, நம் தலைவர்களும் இயக்கங்களும் கேட்க வேண்டியவை வேறு. தொழிற்பேட்டைகளில் ஷிப்டு நேரத்துக்கேற்ற பராமரிப்பு நிலையங்கள் வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்புகள் பெருக வேண்டும். ஐந்து பிள்ளை வரம்பு நீக்கப்பட வேண்டும். பிள்ளை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரிய வேலை என்ற எண்ணம் ஆண்களிடமிருந்து ஒழிய வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் திணறும் பிள்ளைகளும், பாதியில் படிப்பை விட்டவர்களும் நம் பிள்ளைகளே அல்லவா? இருப்பவரைக் கைவிட்டுவிட்டு, இனிப் பிறப்பவரை எண்ணி என்ன பயன்?

எத்தனை பிள்ளை என்பதை அவளும் அவள் கணவனும் முடிவு செய்யட்டும். அந்த முடிவை அச்சமின்றி எடுக்கும் சூழலை அமைத்துத் தருவதே அரசாங்கத்தின் கடமை. நம் சமுதாயத்தின் கடமையும் அதுவே. சிந்திப்போம்.