வானத்திற்கு முன்பக்கம் ஏது?

கோள்மண்டலங்கள் படமாளிகைகளாகிக்கொண்டிருக்கின்றன. தமிழகத்தார் கோளரங்கம் என்பதையே இலங்கையில் நாம் கோள்மண்டலம் என்கிறோம். இம்மாற்றத்தை முன்னேற்றம் என மெச்சுவோர் பலர். நான் அவர்களுள் ஒருவன் அல்லன்.

1923 இல் யேர்மனியின் சைஸ் நிறுவனத்திற்காக வால்தர் பவர்ஸ்பெல்ட் உருவாக்கிய முதற் கருவி, விண்மீன்களைக் கூர்மையான ஒளிப்புள்ளிகளாகக் குவிமாடத்தில் வீசியது. அவ்வழி வந்த மண்டபங்களில் கருவி நடுவில் நின்றது. இருக்கைகள் அதனை வட்டமாகச் சூழ்ந்தன. ஒருவர் வடக்கு நோக்கினால் எதிரே இருப்பவர் தெற்கு நோக்கினார். கழுத்தைத் திருப்பித் தேடியவருக்கே துருவ மீன் அகப்பட்டது. வெட்டவெளியில் நிற்பவனுக்கும் நிலைமை அதுதானே?

இன்றைய முறை வேறு. குவிமாட விளிம்பில் அமர்ந்த பல எறிகருவிகள், கணினி தரும் படத்துண்டுகளைப் பொருத்து வாய் தெரியாமல் இணைத்து ஒரே காட்சியாக்குகின்றன. சனியின் வளையங்களுக்கூடாகவும் பறந்து வரலாம். பழைய கருவிக்கு இது இயலாத காரியம். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 4கே எனப்படும் காட்சியில் ஒரு பாகைக்கு 23 படப்புள்ளிகள்கூட இல்லை. நல்ல கண்ணோ ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தறிய வல்லது. ஆகவே விண்மீன் ஊசிமுனையாக அன்றிப் பொட்டாகத் தெரிகிறது. 8கே இக்குறையைப் பெரிதும் போக்கும். போக்க முடியாதது இருக்கைகளின் குறை. புதிய மண்டபங்கள் பலவற்றில் அவை யாவும் ஒரே திசையை நோக்குகின்றன. குவிமாடமும் அத்திசைக்குச் சரிந்து கிடக்கிறது. கதைப்படத்துக்கு முன்பக்கம் வேண்டும். வானத்திற்கு எதற்கு?

விளைவை இலண்டனில் காணலாம். 1958 இல் திறந்த அந்நகரக் கோள்மண்டலம் 1995 இல் சைஸ் கருவியைக் கைவிட்டுக் கணினிக் கருவிக்கு மாறியது. 2006 இல் விண்மீன்களை வெளியேற்றிப் பிரபலங்களைப் பற்றிய காட்சியை ஏற்றினர். 2010 இல் மார்வல் வீரர்கள் குடிபுகுந்தனர். வானத்தைத் திரையாகக் கருதத் தொடங்கினால், அத்திரையில் எதைக் காட்டினால் என்ன என்ற எண்ணமும் தானே வரும்.

குற்றம் கருவியினது என்று நான் சொல்லவில்லை. அதே இலண்டனில், கிறீனிச் வானாய்வகத்தில் 2007 இல் திறந்த கோள்மண்டலமும் கணினிக் கருவி கொண்டதே. எனினும் அங்கு வானியலாளர் நேரில் நின்று பேசுகிறார். பதிவு செய்த குரல் எந்தக் குழந்தையின் கேள்விக்கும் விடை சொன்னதில்லை. நேரில் பேசுபவர் சொல்வார். வேண்டுமாயின் தமிழிலும் சொல்வார்.

கொழும்பிலும் சென்னையிலும் வேறெங்கும் கோள்மண்டலங்களை நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. புதுக்கருவி வாங்குங்கள், தடையில்லை. ஆனால் படப்புள்ளிகளை எண்ணுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். நாற்காலிகள் எப்பக்கம் பார்க்கின்றன? இருளில் பேசப்போவது யார்? இவ்விரண்டிற்கும் விடை இல்லையேல் வாசற்பலகையை மாற்றிவிடுங்கள். படமாளிகை என்றே எழுதிவிடலாம். அதிலாவது பொய் இராது.