மான் வேட்டைத் திங்கள்

பாடசாலைக்கு விடுமுறை விடுவதற்கு உலகில் எத்தனையோ காரணங்கள் உண்டு. திருவிழா, தேர்தல், வெள்ளம், பெரியார் ஒருவரின் மறைவு என நாம் அறிந்தவை பல. மான் வேட்டைக்காகவும் பாடசாலையை மூடுவார்கள் என்றால் நம் இளம் வாசகர்கள் நம்ப மறுப்பர். நம்பிவிட்டாலோ பொறாமை கொள்வர். ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இது நெடுங்கால வழக்கம்.

அந்நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன், நன்றி நவிலும் திருநாள். அதனையடுத்து வரும் திங்கட்கிழமையே, 1963 முதல் 2018 வரை, அம்மாநிலத்தில் துவக்குக் கொண்டு மான் வேட்டையாடும் பருவத்தின் முதல் நாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மான் வேட்டையாடுவதைச் சட்டம் தடுத்திருந்தது. ஆகவே திருநாளுக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட நாட்கள் பயணத்துக்கும் ஆயத்தத்துக்கும் உரியவையாயின.

வடபுறத்து மலைக்காடுகளில், பொட்டர் முதலிய மாவட்டங்களில், வேட்டைக்காரரின் மரக்குடில்கள் பல உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அக்குடில்களின் புகைபோக்கிகளில் அந்நாட்களிலே புகை எழும். பாட்டனார், தந்தை, மகன், மருமகன், அயலவர் என எல்லோரும் ஒரே அடுப்பைச் சூழ்ந்திருப்பர். துவக்குகள் துடைக்கப்படும், பழங்கதைகள் தூசு தட்டப்படும். முன்னொரு காலத்தில் தப்பியோடிய கலைமானின் கொம்பில் ஆண்டுக்கொரு கிளை கூடிக்கொண்டே போகும். அதனை வளர்ப்பது மானோ, கதை சொல்பவரோ, நாம் அறியோம்!

சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே வேட்டையைத் தொடங்கச் சட்டம் இடந்தருகிறது. எனவே அதற்கும் முன்னரே, கும்மிருட்டில், அவரவர் தத்தம் இடத்தைச் சென்றடைவர். மரத்தடியிலோ பரணிலோ கால் விறைக்க அசையாதிருப்பதே வேட்டையின் பெரும்பகுதி. தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் மொத்தம் 250 சதுர அங்குலமாவது ஒளிரும் செம்மஞ்சள் நிறம் இருத்தல் வேண்டும். மனிதர் கண்ணுக்குத் தீப்போலத் தெரியும் அந்நிறம் மானின் கண்ணுக்கு அவ்வாறு தெரிவதில்லை. வேட்டைக்காரர் அதனை அணிவது சக வேட்டைக்காரரின் குண்டுக்குத் தப்புவதற்காகவே.

உயிர்க்கொலையில் உவப்பில்லாத வாசகர் இவ்விடத்தில் முகஞ்சுளிப்பர். நமக்கும் அதில் உவப்பில்லை. ஆயினும் அந்த மான்களின் வரலாற்றை அறிந்தபின், ஒரு சொல்லிலே தீர்ப்புக் கூறிவிட நம்மால் முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் மான்கள் கணக்கின்றிச் சுடப்பட்டன. மானைத் தின்று வாழ்ந்த ஓநாயும் மலைச்சிங்கமும் அடியோடு அழிந்தன. மானைக் காண்பதே அரிதென்ற நிலையில், 1895இல் வேட்டை ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. 1906இல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து மான்களை விலைக்கு வாங்கிவந்து காட்டில் விட்டார்கள். மறுவருடம், கலைமானையன்றிப் பிணைமானைச் சுடலாகாது என்று சட்டம் செய்தார்கள்.

மான் பெருகிற்று, அளவுக்கு மிஞ்சியே பெருகிற்று. கமக்காரரின் பயிரைத் தின்றது. காட்டில் முளைத்த இளங்கன்றுகளைத் தின்றது. மான் விரும்பித் தின்னாத பன்னச்செடியே காட்டின் தரையெங்கும் படர்ந்தது. முதுமரங்கள் நிற்கும், அவற்றுக்கு வாரிசு இராது. கடுங்குளிர் காலத்தில் இரையின்றி மான்களும் மடிந்தன. ஓநாய் பார்த்த உத்தியோகத்தை யாராவது ஏற்றாக வேண்டியிருந்தது. 1923இல் பிணைமானையும் சுட அனுமதி வழங்கினார்கள். பிணையைக் காப்பதே அறம் என்று பதினாறு ஆண்டுகள் கேட்டு வந்த வேட்டைக்காரர் கொதித்தெழுந்தனர். அந்தப் பிணக்கு தலைமுறை கடந்தும் தணியவில்லை. அவர்களிடத்தில் நமக்குச் சற்று அனுதாபமே உண்டு. நேற்றுவரை பாவமென்று கற்பித்ததை இன்று கடமையென்றால், நல்ல மாணாக்கனுக்கே நெஞ்சு இடறும்.

பின்னாளில் வேறொரு கவலை பிறந்தது. 1980களின் தொடக்கத்தில் 13 இலட்சமளவில் இருந்த வேட்டை அனுமதிப் பத்திரங்களின் தொகை 2018ஆம் ஆண்டளவில் 9 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தொழில் பார்ப்போருக்குத் திங்களன்று லீவு கிடைப்பது கடினம். பல்கலைக்கழக மாணவரோ ஞாயிறன்றே திரும்பியாக வேண்டும். இவற்றை எண்ணிப் பார்த்த ஆணைக்குழு 2019இல் முதல் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அவ்வருடம் நவம்பர் 30ஆம் திகதி, வேட்டைப் பருவம் முதன்முறையாகச் சனியன்று தொடங்கிற்று.

இளைஞரும் கூலிக்கு உழைப்போரும் மகிழ்ந்தனர். குடில்களின் முதியவர்கள் மகிழவில்லை. வெள்ளியும் சனியும் ஞாயிறும் ஒருங்கிருந்து, விறகு பிளந்து, சமைத்துண்டு, கதை பேசிய காலம் போயிற்றென்றனர். திருநாள் விருந்தின் இலையை மடிக்குமுன்னே வண்டியேற வேண்டியதாயிற்றென்று குறைப்பட்டனர். மலையூர்களின் கடைக்காரருக்கும் மனத்தாங்கல். வேட்டைக்கு முந்திய மூன்று நாட்களில் வந்து குவிந்த வாடிக்கைக்காரர், இப்பொழுது வந்தவுடனே காட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று வாசகர் கேட்பின், நாம் முதியவர் பக்கமே சற்றுச் சாய்கிறோம். மான் கிடையாத ஆண்டிலும் அவர்கள் குடிலுக்குப் போகத் தவறியதில்லை. ஆயினும் லீவு கிடையாத தகப்பன் ஒருவன், தன் மகனைப் பக்கத்தில் இருத்தி வைகறைக் காட்டைக் காட்டுவதற்குச் சனிக்கிழமையைவிட்டால் வேறு நாள் எங்கே என்று கேட்டால், நம்மிடம் பதில் இல்லை.

2020 முதல் அந்தச் சனியை அடுத்த ஞாயிறும் வேட்டைக்குத் திறந்துவிடப்பட்டது. இவ்வாறு திங்களின் சிறப்பு முற்றாகப் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். நாள் மாறிய பின்னரும் பல பாடசாலைகள் அந்தத் திங்கட்கிழமை விடுமுறையைக் கைவிடவில்லை. மாணவர் எவரும் இதற்கு ஆட்சேபம் தெரிவித்ததாக நாம் அறியோம்.