‘நல்ல நிறம்’ என்பது எந்நிறம்?

ஒரு சொல்லின் வரலாறு, அதனை வழங்கும் மக்களின் மனவரலாறும் ஆகும். மனம் விரிந்திருந்த காலத்தில் சொல்லும் பல பொருள் தாங்கி நிற்கும். மனம் சுருங்கும்போது சொல்லும் உடன் சுருங்கும். இவ்வுண்மைக்கு ‘வண்ணம்’, ‘நிறம்’ என்னும் இரு சொற்களே தக்க சான்றுகளாம்.

‘வண்ணம்’ என்பது கண்ணுக்கு மட்டும் உரிய சொல்லன்று, செவிக்கும் உரியது. செய்யுளின் ஓசை வேறுபாட்டை வண்ணம் எனக் குறித்த தொல்காப்பியர், செய்யுளியலில் அதனை 20 வகையாகப் பகுத்துள்ளார். அருணகிரியார் திருப்புகழில் ஓங்கி ஒலித்த அவ்வண்ண மரபிலேயே காயல்பட்டினம் காசிம் புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். ‘இவ்வண்ணம்’ என்னும்போது அச்சொல் முறைமையைக் குறிக்கிறது. நாணயத்தின் தரம் ஆய்வோன் ‘வண்ணக்கன்’ எனப்பட்டான். சங்கப் புலவர் சிலர் அப்பெயர் தாங்கியுள்ளனர். ‘நிறம்’ என்னும் சொல்லோ சங்கப் பாடல்களில் மார்பினையும் உயிர்நிலையையும் குறித்தது.

தனித்தனி நிறங்களுக்கும் இவ்வாறே பொருள் வளம் உண்டு. செம்மை நேர்மையாயிற்று, செங்கோலும் செந்தமிழும் அதன்வழிப் பிறந்தன. கருமை குறித்த ‘கார்’ என்னும் சொல் மேகமாகவும் மழையாகவும் பருவமாகவும் விரிந்தது. வானம் கறுத்தால் மகிழ்பவன் உழவன். வெண்மையோ தூய்மையை மட்டும் குறித்ததன்று. வள்ளுவர் ‘புல்லறிவாண்மை’ அதிகாரத்தில் அறிவின்மையையே வெண்மை என்கிறார். ஆக, வெண்மை உயர்ந்தது, கருமை தாழ்ந்தது என்னும் கணக்கினைத் தமிழ் தன் சொற்களுக்குள் எழுதி வைக்கவில்லை என்பது தெளிவு.

நம் சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்களும் வண்ணத்தோடு பிணைந்தவையே. சேலத்து வெண்பட்டு, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் சாயப்பட்டறைகள், நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில் தூரிகை பிடிக்கும் ஓவியர்கள் என இப்பட்டியல் நீளும். ‘கெட்டிச் சாயம்’, ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்பன பட்டறையிலிருந்து வாழ்க்கைக்கு வந்த தொடர்கள். இங்கெல்லாம் நிறம் என்றால் பல நிறம். பெட்டிக்கடையில் ‘கலர்’ என்று கேட்டால் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகப் புட்டிகள் தோன்றும். ‘கலர்ப் படம்’ என்றாலும் பல நிறங்கள் கொண்ட படமே.

ஆனால், பெண் பார்க்கும் வீட்டில் இதே சொல் வேறாகிவிடுகிறது. “பெண் நல்ல கலர்” என்றால் ஒரே நிறந்தான். அதுவும் நிறம் குறைந்து வெளுத்த நிறம்! ‘பெண் நிறம் கொஞ்சம் மட்டு’ என்னும் ஒற்றைத் தொடரால் படிப்பும் பண்பும் உழைப்பும் பின்தள்ளப்படுகின்றன. பேசுவோர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகின்றனர்; கேட்ட பெண்ணோ ஆண்டுகள் பல கடந்தும் அதனை மறப்பதில்லை. சாதி, சமய வேறுபாடின்றி எல்லார் வீட்டுக் கூடத்திலும் ஒலிக்கும் தொடர் இது.

பழந்தமிழர் நோக்கு இதற்கு நேர்மாறானது. சங்கத் தலைவியின் அழகு ‘மாமை’ எனப் போற்றப்பட்டது. மாந்தளிரின் மின்னும் மேனி நிறம் அது. பிரிவுத் துயரால் மேனி வெளிறுவதே ‘பசலை’; அதனை நோயெனக் கருதி வருந்தினர். மாம்பழத்தால் பெயர்பெற்ற சேலத்தில் வாழும் நாம், தளிர் விடும் மாமரத்தை ஆண்டுதோறும் காண்கிறோம். ‘மாநிறம்’ என்னும் அழகிய சொல்லை மட்டும் குறை சொல்வதற்குப் பயன்படுத்துகிறோம். அன்று நோயாக எண்ணிய வெளிறலை இன்று விலை கொடுத்து வாங்குகிறோம்!

இக்கண்ணோட்டம் பண்டங்களையும் விடவில்லை. குச்சிக்கிழங்கிலிருந்து செய்யும் சவ்வரிசி நம் மாவட்டங்களின் உயிர்த்தொழில். அது பளிச்சென வெளுத்திருந்தால்தான் விலை போகும் என்னும் நிலையில், சிலர் வேதிப்பொருளிட்டு வெளுக்க, உணவுப் பாதுகாப்புத் துறையினர் பறிமுதல் செய்த செய்திகளை நாளேடுகளில் பலமுறை படித்துள்ளோம். வெளுப்பையே தரம் எனக் கொள்ளும் கண், உண்ணும் உணவிலும் நஞ்சினை வரவழைக்கிறது. பெண்ணின் மேனியிலும் அதே கண்தான் குறை காண்கிறது.

1975 முதல் விற்பனையில் இருந்த முகப்பூச்சு ஒன்றின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்னும் சொல்லை அதன் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் நீக்கியது. வரவேற்கத்தக்கதே. எனினும் பெயர்ப்பலகை மாறினால் போதாது. பேச்சு மாற வேண்டும்.

அருள்மறை திருக்குர்ஆன் ‘ரூம்’ அத்தியாயத்தில், மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் வைத்துப் பேசுகிறது. மொழியும் நிறமும் அருகருகே வைக்கப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. தம் மொழியை ஒருவர் பழித்தால் கொதித்தெழும் நாம், ஒரு பெண்ணின் நிறத்தைப் பழிக்கும்போது மட்டும் வாளாவிருப்பது எங்ஙனம் முறையாகும்?

தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களின் கடமை இங்கே தொடங்குகிறது. வண்ணம் 20 எனத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவது மட்டும் தமிழ்க் கல்வியன்று. அடுத்தமுறை இல்லத்தில் “பெண் நல்ல நிறமா?” என்னும் வினா எழும்போது, “எல்லா நிறமும் நல்ல நிறமே, வேறு ஏதேனும் கேளுங்கள்” என்று பணிவுடன் விடை கூறுங்கள். பெரியோர்களும் அவ்விடைக்குச் செவிசாய்ப்பார்களாக. அன்றுதான் சுருங்கிய அச்சொல் மீண்டும் விரியும்.