அப்பா சொத்தை அண்ணன் ஒருத்தரே பார்த்துக்கிறாரா? கணக்கு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு!

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரம் பகுதியில் நேற்று வரை வயலாக இருந்த இடங்கள் இன்று குடோன்களாக நிற்கின்றன. நில மதிப்பு ஏற ஏற குடும்பத் தகராறும் ஏறுகிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மூத்தவர் வாடகை வாங்குகிறார், மற்றவர்களுக்குக் கணக்கு இல்லை, சொத்து வரியும் பாக்கி. என்ன செய்யலாம்?

யாருக்கு எவ்வளவு பங்கு?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் இல்லாவிட்டால் தந்தையின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், அவரது தாய் எல்லோருக்கும் சம பங்கு. திருமணமான மகளுக்கும் உண்டு. ஒருவர் 'பார்த்துக்கிறார்' என்பதால் அவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். தன் பங்கை மட்டுமே அவர் விற்க முடியும்.

நிர்வாகம் சரியில்லை என்றால்?

முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, யார் பெயரில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு கணக்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு போடலாம். கூடவே, விற்கத் தடை கேட்கலாம். வாடகையை வசூலித்துப் பாதுகாக்க 'ரிசீவர்' நியமிக்கவும் கேட்கலாம்.

நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருந்தால் கோர்ட் கட்டணம் குறைவு. வெளியேற்றப்பட்டிருந்தால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பை வைத்துக் கட்ட வேண்டும். "உனக்குப் பங்கே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்த பிறகு 12 ஆண்டுகள் சும்மா இருந்தால் உரிமையே போகலாம். தள்ளிப்போடாதீர்கள்.

உயில் இருந்தால்?

நீதிமன்றம் அங்கீகரித்த நிர்வாகி 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும், ஓராண்டில் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925. சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, அலட்சியத்தால் இழந்தாலோ அவரே ஈடுகட்ட வேண்டும். 301-வது பிரிவின் கீழ் அவரை நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஜெயலலிதா வழக்கு சொல்வது என்ன?

2016 டிசம்பர் 5-ல் மறைந்த ஜெயலலிதாவின் சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பைக் கேட்டு அதிமுகவைச் சேர்ந்த இருவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். 2020 மே மாதம் அந்தக் கோரிக்கையை நிராகரித்த நீதிமன்றம், அண்ணன் பிள்ளைகளான தீபா, தீபக் இருவரையும் வாரிசுகளாக ஏற்று நிர்வாக உரிமையை அவர்களுக்கே வழங்கியது. போயஸ் தோட்ட வேதா நிலையத்தை அரசு கையகப்படுத்தியதும் 2021 நவம்பரில் ரத்தானது.

ஆனால் ஒன்று: வாரிசு என்பதை நிரூபித்து, கேட்டால்தான் உரிமை கைக்கு வரும். சோழவரத்து குடோனுக்கும் அதே விதிதான். வழக்குக்கு முன் லோக் அதாலத்தில் சமரசமும் பேசிப் பார்க்கலாம். அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.