தண்ணியை நிறுத்தலாமா?

எங்கள் தெருவில் 34 வருஷமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் ஒரு வயதான தம்பதி. வீட்டுக்காரர் காலமானதும் அவர் மகன், "ஒரு மாசத்துல காலி பண்ணுங்க" என்றார். இவர்கள் அவகாசம் கேட்க, மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். 75 வயது மாமி குடத்தோடு எங்கள் வாசலில் நின்றபோது வயிறு பகீரென்றது.

சொந்தக்காரர் தன் வீட்டைக் கேட்பது தப்பில்லை. ஆனால், 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீர், கரண்ட்டை நிறுத்தவும் கூடாது. அதே சட்டம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாததையே காலி செய்யவைக்கும் காரணமாகவும் ஏற்கிறது. வயதானவர்களுக்கென்று தனிச் சலுகையும் இல்லை.

சகோதரிகளே, வாய்வார்த்தையை நம்பி வாடகை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், "ஒப்பந்தம் இருக்கா? பதிவு பண்ணியாச்சா?" என்று இன்றே கேளுங்கள்.

- ஒரு வாசகி, சென்னை.