பூமியின் வரவு செலவுக் கணக்கு

ஒரு குடும்பத்தின் உண்மையான நிலைமையை அறிய வேண்டுமானால் அதன் கணக்குப் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டும். பூர்விக ஆஸ்தி எவ்வளவு, மாத வருமானம் எவ்வளவு, பணம் எந்த எந்த வழியில் செலவாகிறது என்று தெரிந்தால்தான், அக்குடும்பம் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியும். ஆகாயத்தில் உலவும் கிரகங்களுக்கும் உபக்கிரகங்களுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. அங்கே செலாவணியாவது ரூபாயன்று, உஷ்ணம்.

நம் காலடியில் உஷ்ணம் இருக்கிறது என்பதற்கு எரிமலையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் சென்று உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின்மீது கை வைத்திருக்க முடியாது. குளிர்ந்த காற்றை உள்ளே செலுத்தினாலன்றி மனிதர் அங்கே வேலை செய்ய இயலாது.

இந்த உஷ்ணம் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் வழியே வருவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுப்பகல் வெயிலுக்கு முன் இது எம்மாத்திரம்! ஆனால் பூமி முழுவதற்கும் கூட்டினால் ஏறக்குறைய 47 லட்சம் கோடி வாட் ஆகிறது. இவ்வளவு செலவுக்கு முதல் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, பூர்விக ஆஸ்தி. எண்ணற்ற பாறைகளும் தூசியும் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தே பூமி உண்டாயிற்று. அம்மோதலில் பிறந்த உஷ்ணமும், கனத்த இரும்பு உருகி நடுமையத்துக்கு இறங்கியபோது பிறந்த உஷ்ணமும் அதன் பிறப்புச் சொத்து.

இந்தச் சொத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர், பின்னர் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்ஸன். உருகிய பாறையாக இருந்த பூமி இன்றைய நிலைக்கு ஆற எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று 1862-இல் கணித்து, இரண்டு கோடி முதல் நாற்பது கோடி வருஷங்களுக்குள் என்று விடை கூறினார். பின்னர் அதை இன்னும் சுருக்கி, இரண்டு கோடியை ஒட்டியே இருக்கும் என்றார். உயிரினங்கள் படிப்படியாக மாறி வளர்வதற்கு இக்காலம் போதாதே என்று டார்வின் பெருங்கவலை கொண்டார். ஆயினும், அம்மேதையின் கணக்கை மறுக்க யாருக்குத் துணிவு வரும்?

அத்துணிவு கெல்வினிடமே முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரிக்கு வந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட பாவனையில்தான் பிழை என்று 1895-இல் அவர் எழுதினார். கெல்வின் பூமியை அசைவற்ற கல்லுருண்டையாகக் கருதினார். உள்ளேயுள்ள பாறை மெல்ல நகரக்கூடியதானால், உலைநீரில் அடிச்சூடு மேலே வருவதுபோல் ஆழத்து உஷ்ணம் மேலே வந்துகொண்டே இருக்கும். அப்போது பூமியின் வயது பன்மடங்காகும். குருவினிடம் மரியாதை குறையாமலே சிஷ்யர் இதைக் கூறினார். குரு ஏற்கவில்லை. இன்றோ, அப்பாறை வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், நம் விரல் நகம் வளரும் வேகத்தில், நகர்கிறது என்று அறிவோம். பூமியின் வயது 454 கோடி வருஷங்கள் என்றும் அறிவோம்.

இரண்டாவது, வருமானம். ரேடியம் தன் எடைக்கும் அதிகமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்கவல்ல உஷ்ணத்தை இடைவிடாது வெளிவிடுகிறது என்று 1903-இல் பியேர் க்யூரியும் லபோர்டும் கண்டார்கள். பாறைகளில் அணுவளவாகக் கலந்துள்ள யுரேனியம், தோரியம், ஒருவகைப் பொட்டாசியம் ஆகியவை இவ்வாறே சிதைந்து உஷ்ணம் தருகின்றன. பூமியின் செலவில் ஏறக்குறையப் பாதியை ஈடுசெய்வது இவ்வருமானமே. கன்யாகுமரியை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் தோரியமும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்ததுதான்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஒரே அடுப்பிலிருந்து இறக்கிய பாலை அண்டாவிலும் டம்ளரிலும் வைத்தால், எது முதலில் ஆறும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உருவம் சிறுத்தால், உள்ளிருக்கும் சரக்கை நோக்க வெளிப்பரப்பு அதிகம். சந்திரன் அந்த டம்ளர். 1971, 1972-ஆம் ஆண்டுகளில் அப்போலோ யாத்திரிகர் அங்கே துளையிட்டுப் பார்த்தபோது, சதுர மீட்டர்தோறும் வெளிவரும் உஷ்ணம் பூமியினுடையதில் கால் பங்குகூட இல்லை. செவ்வாயின் கதை இன்னும் பரிதாபமானது. அதன் இரும்பு மையம் கலங்கிச் சுழன்ற வரையில் அதற்குக் காந்தக் கவசம் இருந்தது. சுமார் 400 கோடி வருஷங்களுக்கு முன் அது ஓய்ந்தது. சூரியனிலிருந்து வீசும் துகட்காற்று செவ்வாயின் வாயுமண்டலத்தில் பெரும்பகுதியை நாளடைவில் அரித்துச் சென்றது.

சிறிய உலகங்களெல்லாம் ஆறித்தான் போக வேண்டுமா? இல்லை, மூன்றாவது வரவு ஒன்று உண்டு. வியாழனைச் சுற்றும் அயோ நம் சந்திரனைவிடச் சிறிதே பெரியது. அது ஒரு முறை சுற்ற 42 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. அயலிலுள்ள யூரோப்பாவின் இழுப்பினால் அதன் பாதை சரியான வட்டமாவதில்லை. ஆகவே வியாழனுக்கு நெருங்கும்போது நசுங்கியும், விலகும்போது தளர்ந்தும், பிசையப்படும் மாவுபோல் அது வதைபடுகிறது. அந்த உராய்வில் உஷ்ணம் பிறக்கிறது. அயோவின் உட்புறம் உருகியிருக்க வேண்டும் என்று பீல், காஸென், ரெனால்ட்ஸ் என்ற மூவர் 1979 மார்ச் 2-ஆம் தேதி பிரசுரித்தார்கள். மூன்றே நாளில் வாயேஜர் விண்கலம் அயோவை நெருங்கிக் கடந்தது. அது அனுப்பிய படத்தில் எரிமலைப் புகை எழுந்து நிற்பதை 8-ஆம் தேதி லிண்டா மொராபிட்டோ என்ற பெண்மணி கண்டுபிடித்தார். அச்சிறு கோளம் வெளிவிடும் உஷ்ணம் பூமி முழுவதும் வெளிவிடுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! இதே வரவினால்தான் சனியின் என்ஸெலடஸ் என்ற 500 கிலோமீட்டர் அகலமுள்ள பனியுருண்டையும் நீர்த்தாரைகளைப் பீச்சுகிறது. இதை 2005-இல் காஸினி விண்கலம் கண்டது.

நம் பூமிக்கோ உடனே கவலை இல்லை. யுரேனியத்தில் பெரும்பகுதி பாதியாகக் குறைவதற்கு 447 கோடி வருஷங்களும், தோரியம் பாதியாவதற்கு 1,400 கோடி வருஷங்களும் வேண்டும். பூமியின் இரும்புமையம் இன்னும் கலங்கிச் சுழன்று காந்தக் கவசத்தைத் தாங்கி நிற்கிறது. திசைகாட்டியின் முள்ளை வடக்கே திருப்பி நிறுத்துவதும், நாம் சுவாசிக்கும் காற்றுக்கு ஓரளவு காவலாக இருப்பதும் அந்த உஷ்ணமே.